அப்பாவுக்குப் புதுத் தோல்

பெற்றவருக்குத் தன் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போடுகிறவனே பிள்ளை. மூத்தவர் அதற்கும் ஒரு படி மேலே போய், அப்பாவுக்குத் தோலையே கொண்டுவந்து கொடுத்திருந்தார். தன்னுடையது இல்லை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது.

பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போய்ப் படுத்துவிட்ட அப்பாவுக்கு முதுகின் அடியில் படுக்கைப் புண். ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே போகும் ஆழம். அதன்மேல் புதுத் தோலை வைத்த டாக்டர், மல்லாத்திப் படுக்க வைக்கவே கூடாது என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டும் இருந்தார். அதற்குள் அத்தை வந்துவிட்டதால், தோலைக் காட்ட மூத்தவர் எழுந்து போய்விட்டார்.

அன்று ஆரம்பித்தது கூட்டம். வெளியிலிருந்தே தெரியும்படி தோலுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஓர் ஒட்டு. சித்தப்பா வந்தார், சம்பந்தி வந்தார், ஆபீஸ் மேலாளர்கூட வந்தார். வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மூத்தவர் போர்வையை விலக்குவார்.

"தொட்டுடாதீங்க சித்தப்பா. உயிருள்ள தோலு."

சுவரோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா அவ்வப்போது முனகுவார். சந்தோஷம் தாங்கவில்லை என்று மூத்தவர் விளக்கம் சொல்வார். எட்டிப் பார்க்காதவன் தம்பி ஒருவன்தான். வயிற்றெரிச்சல் என்று அதற்கும் விளக்கம் இருந்தது.

இன்று ஒட்டைப் பிரிக்க டாக்டர் வந்திருந்தார். சொந்தம் மொத்தமும் அறையில். தம்பியும் வந்து கதவோரம் நின்றான். தோல் பிடிக்காமல் போயிருந்தால் இத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறும். மூத்தவர் டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மெல்ல உரித்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அருமையாப் பிடிச்சிருக்கு. ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

மூத்தவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, ஈரமே இல்லாத கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார் டாக்டர்.

திருப்பினார்கள். விரிப்பும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. டாக்டர் அதை நனைத்து எடுத்தபோது, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா முதல்முறையாக அறையைப் பார்த்தார்.

"பக்கம் மாத்தி மாத்திப் படுக்க வைக்கச் சொன்னேனே" என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில்.

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலிகளைப் பார்த்தாள். மூத்தவரே டாக்டரிடம் சொன்னார்:

"திருப்பிப் படுக்க வச்சா, புதுத் தோலு சுவர்ப் பக்கம் போயிடுதுங்க."