எதிர்வீட்டு விலாசம்

"யாருக்கு பார்சல்? எங்கிட்ட காட்டிட்டு மேல போங்க."

மாடிப்படி திரும்புகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தபால்காரரையே மறித்தார் ரிட்டயர்டு சூப்பிரண்டு.

"சார், நான் இருபது வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன்."

"வந்தா என்ன? காட்டுங்க."

அந்தக் குடியிருப்பில் வாசலில் வைத்த பார்சல்கள் காணாமல் போக ஆரம்பித்திருந்தன. ஒரு வீட்டில் செருப்பு, ஒரு வீட்டில் மாத்திரை, இன்னொரு வீட்டில் மிக்ஸி ஜார். யாரும் கேட்காமலே சூப்பிரண்டு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டுப் பார்சலைத் தானே வாங்கி வைத்து, சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஆபீசை விட்டு வந்தும் அதிகாரம் அவரை விட்டுப் போகவில்லை என்று குடியிருப்பே முதுகுக்குப் பின்னால் சிரித்தது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அவர் மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கும் ஒரு பார்சல் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு டீச்சர் பெயருக்கு. அனுப்பியிருப்பது அவள் மகள்.

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, சூப்பிரண்டு கூடத்தின் நடுவில் நின்று சொன்னார். "இனிமே அவ பேரை யாரும் இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. அவகிட்டேருந்து ஒரு துரும்புகூட இந்த வாசப்படி தாண்டக் கூடாது."

மனுஷன் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் எதிர்வீட்டு விலாசம். டீச்சர் ஸ்கூலிலிருந்து வந்து, சூப்பிரண்டு வாக்கிங் கிளம்பியதும் பார்சலைச் சத்தமில்லாமல் நீட்டுவார். இதுவரை எல்லாமே பத்திரமாக வந்து சேர்ந்தன. திருடனுக்குக்கூடப் பெற்றவள் மேல் இரக்கம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்த முறை வருவது பேத்தியின் கவுன். அடுக்களையில் நின்று, போனில் அவளே கெஞ்சிக் கேட்டது.

"பாப்பாவுக்குச் சின்னதாப்போன கவுன் ஒண்ணு அனுப்புடி."

"பழசு எதுக்கும்மா? அதான் தினம் போட்டோ அனுப்புறேனே."

"போட்டோல வாசனை வருதா? துவைக்காம அப்படியே அனுப்பு."

மகள் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. பாட்டிக்காரி இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. மாடியில் யார் வீட்டுக் குழந்தை அழுதாலும் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும் அவளுக்கு.

"என்னங்க, எவ்வளவு நேரம் அங்கேயே உக்காருவீங்க? இடுப்பு பிடிச்சுக்கப்போகுது. உள்ள வாங்க."

"திருடன் உங்கிட்ட சொல்லிட்டா வருவான்?"

"டீச்சருக்கு வர்றதை அவங்க வாசல்லயே வெச்சுடச் சொன்னாங்க..."

"நீ எதுக்கு டீச்சருக்கு வக்கீலா வர்றே?"

அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் பேசினால் தானே மாட்டிக்கொள்வோம் என்று தெரியும்.

மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. "பார்சலைக் கொடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சும்மா. கிடைச்சுதா?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். டீச்சர் வாசல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. படிக்கட்டு நாற்காலியும் காலி.

சாயங்காலம் சூப்பிரண்டு வாக்கிங் போகவில்லை. தலைவலி என்று உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார். அவளுக்கு விளங்கிவிட்டது. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது, கவுன் குப்பைக்குப் போய்விட்டது.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எதிர்வீட்டுக்குள் நுழைந்ததுமே உடைந்துபோனாள்.

"போச்சு டீச்சர்! அவர் கையில மாட்டிக்கிச்சு. கிழிச்சுத் தூக்கிப் போட்டிருப்பாரு. நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருந்தா, பெத்த பொண்ணை இப்படி..."

டீச்சர் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அக்கா, சார் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா நீங்க அழறதைப் பார்த்துட்டு இனிமே என்னால மறைக்க முடியாது."

"எதை?"

"முதல் பார்சல் வந்தப்பவே, மேல இருந்த எழுத்து பொண்ணோடதுன்னு கண்டுபிடிச்சுட்டாரு. அன்னைலேருந்து ஒவ்வொண்ணையும் வாசல்ல கிடக்க விடாம அவர்தான் எடுத்து வெச்சிருந்து, நான் படியேறும்போது எங்கிட்ட கொடுப்பாரு. மத்த வீட்டுப் பார்சல் திருடு போகவும், எங்கே இதுவும் போயிடுமோன்னு பயந்துதான் நாற்காலி போட்டு உக்காந்ததே."

அவள் திறந்திருந்த கதவு வழியாகத் தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... இன்னைக்கு வந்தது எங்கே டீச்சர்?"

"அதை மட்டும் அவர் கொடுக்கலைக்கா. 'அவ போன்ல கேட்டது என் காதுலயும் விழுந்துது'ன்னு உங்களைச் சொல்லி ஆரம்பிச்சாரு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'பேத்தி கவுனாம் டீச்சர். அவ கைக்குப் போயிட்டா நான் எப்படிக் கேட்டு வாங்குறது? இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும், காலைல கொடுத்துடறேன்'னு எங்கிட்ட கெஞ்சினாரு."