ஆப்பில்லாத ஹோல்டர்

பட்டறையின் பவர் சுத்தியலில், இரும்புக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்றுவது பெரிய ரோதனை. ஆப்பைத் தட்டிக் கழற்றி, வேறு அச்சை வைத்து, மறுபடி ஆப்பை அடித்து இறுக்குவதற்குள் பழுத்த இரும்பு கறுத்துவிடும். அந்த எரிச்சலில்தான் பூதலிங்க ஆசாரி, அச்சைச் செருகினால் தானாகக் கவ்விக்கொள்ளும் ஹோல்டர் ஒன்றைச் செய்து முடித்தார்.

சுத்தியலை இறக்கும் பெடலை மிதிப்பது அவர் மனைவி உலகம்மாள். பொறி தெறிக்கும் என்று, கல்யாணமான புதிதிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மிதிப்பாள். ஆப்பு இறுகும் 'டங்' சத்தம் கேட்டால் அவர் கை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கால் தானாக இறங்கும்.

"இனி ஆப்பும் கிடையாது, சத்தமும் கிடையாது. நான் 'ம்'னு சொன்னா மிதி," என்றார்.

அவள் தலையாட்டினாள். கால் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் அச்சு கண் மூடித் திறப்பதற்குள் மாறியது. அவருக்கு வாயெல்லாம் பல். அடுத்த அச்சைச் செருகக் கையை உள்ளே நீட்டினார். உலகம்மாள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கடையில் யாரோ லாரி டயரைக் கழற்ற இரும்பில் ஓங்கி அடித்தார்கள்.

டங்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தபோது வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தவள், அவர் பார்ப்பதைக் கண்டதும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த அடியில ஹோல்டர் ஆடுச்சா?" என்று கேட்டார்.

"ஆடல," என்றாள்.