உதட்டில் கவ்விய நட்டு

குறி பார்த்து எறிந்திருந்தால்கூட அந்த நட்டு அவ்வளவு கச்சிதமாக ஓட்டைக்குள் போய் விழுந்திருக்காது.

'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மருமகள் அப்படியே நின்றாள். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாமியாரின் சிரிப்பும் பாதியில் நின்றது.

தப்பு யாருடையது என்று கேட்டால், இரண்டு பேருடையதும்தான். மருமகள் தையல்காரி. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவள். காரின் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றியபோது, அதே பழக்கத்தில் அதன் நட்டையும் உதட்டில் கவ்விக்கொண்டாள். எஞ்சினின் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள். அந்த நேரமாகப் பார்த்து மாமியார், உள்ளே தூங்கும் தன் கணவரின் குறட்டையை அப்படியே விட்டுக் காட்டினார். சிரிக்காமல் இருக்க முடியுமா?

இப்போது நட்டு எஞ்சினின் வயிற்றுக்குள். அதோடு சாவியைத் திருப்பினால் எஞ்சின் காலி. திருப்பாமல் விட்டால் மானம் காலி.

கார், உள்ளே குறட்டை விடும் மாமாவுடையது. பெற்ற மகனைக்கூட பானெட்டைத் தொட விடமாட்டார். எல்லா ரிப்பேரும் அவரேதான். போன வருஷம் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஸ்பேனர் நட்டில் நிற்க மறுத்தது. மனிதர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் காரைத் துணி போட்டு மூடினார். தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்ப்பார். திரும்ப மூடிவிட்டு வருவார்.

நேற்று சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வித்துடலாம்," என்றார். வாங்குகிறவர் இன்று சாயந்தரம் பார்க்க வருகிறார்.

ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கும் வண்டி ஒரே ஒரு தரம் ஸ்டார்ட் ஆகிவிட்டால் மாமா மனசு மாறிவிடும் என்பது மருமகளின் கணக்கு. நாலு பிளக்கையும் மாற்றினால் போதும் என்று வீடியோவில் பார்த்திருந்தாள். அவர் மதியத் தூக்கம் கலைவதற்குள் முடித்தாக வேண்டும். தொடங்கியதும் தொடங்காததுமாக இப்படி ஆகிவிட்டது.

மாமியார் அசரவில்லை. உள்ளே ஓடி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஆமை பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதன் வயிற்றிலிருந்த பொட்டளவு காந்தத்தை ஈவு இரக்கம் பார்க்காமல் பெயர்த்து, தன் பின்னல் ஊசியின் முனையில் டேப் போட்டுச் சுற்றினார்.

மருமகள் கன்னத்தை எஞ்சினோரம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி ஊசியை இறக்கினாள். பாதி வழியிலேயே காந்தம் பக்கத்து இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. பிரித்து மறுபடி இறக்கினாள். மறுபடி ஒட்டியது.

"ஐயோ, அடுப்புல பால் வச்சேனே," என்றார் மாமியார். டார்ச்சை அங்கேயே வைத்துவிட்டு ஓடினார்.

செருப்புச் சத்தம் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. வெளிச்சம் மறுபடி ஓட்டைமேல் விழுந்தது.

மருமகள் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் பார்த்து வைத்த இடம் போய்விடும்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. திட்டுவாருன்னு பயமில்ல. மனசு கஷ்டப்படுவாரு, அதுதான் தாங்காது."

பதற்றம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. கை ஒரு பக்கம் வேலை பார்க்க, அது தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

"எனக்கு வலி எடுத்த அன்னிக்கு இந்த வண்டியிலதானே கூட்டிட்டுப் போனாரு. 'இதோ வந்துட்டோம்மா, இதோ வந்துட்டோம்மா'ன்னு சொல்லிக்கிட்டே ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போயிட்டாரு."

வெளிச்சம் ஆடியது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"எங்க அப்பாகூட எனக்காக அப்படிப் பதறினதில்ல. கை ஆடினா என்ன இப்போ, ஆடிட்டுப் போகட்டுமே. அதுக்காக வண்டியை விக்கணுமா? ஒரு வார்த்தை சொன்னா நாம செஞ்சு தர மாட்டோமா?"

வெளிச்சம் இன்னும் ஆடியது.

"சிரிக்காதீங்க அத்தை, ஒண்ணும் தெரியல. ரெண்டு கையாலயும் பிடிங்க."

வெளிச்சம் மெல்ல நிலைத்தது. முழுசாக இல்லை. ஆனால் போதும்.

அடியில் நட்டு மினுங்கியது. ஊசி இறங்கியது. 'டிக்.'

ஊசிக் காதில் நூல் கோக்கும்போது அடக்குவதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே இழுத்தாள். விளிம்புக்கு வந்ததும் விரல்களால் கவ்விக்கொண்டாள்.

"வந்துடுச்சு அத்தை," என்று நிமிர்ந்தாள்.

அத்தை தள்ளி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பால் கரண்டி. இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பக்கத்தில், டார்ச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, மாமா நின்றார்.

மருமகள் நட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"மாமா... சாயந்தரம் அவர் வர்றாரே," என்றாள்.

மாமா டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் ஆடிக்கொண்டே அடுத்த பிளக்குக்கு நகர்ந்தது.

"வரட்டும்மா. பால்தான் காய்ஞ்சிருச்சே, ஒரு காபி குடிச்சிட்டுப் போகட்டும்."