பாட்டின் கடைசிக் கதறல்

"செத்தவீட்டிலை கிற்றார் அடிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

கனடாவிலிருந்து அப்பாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்காக வந்திருந்த கம்சிகா, பயணக் களைப்பு ஆறுமுன்பே கேட்ட கேள்வி இது. எதிரே இரண்டு கதிரைகளில், கரம்பொன் கிராமத்தின் இன்றைய பிரபலங்கள் இருவர் தலை குனிந்து இருந்தார்கள். கிற்றார் அடித்துப் பாடுகிற ஆரூரன். ட்றம் அடிக்கிற நிருஜா.

"அது பிழைதான் அக்கா" என்றான் ஆரூரன்.

பிழை நடந்தது போன வருடம். அப்போது அவர்களைப் பாட யாரும் கூப்பிடுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் செத்தவீடுகளை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தீவுப் பகுதியில் அந்தத் தொழிலுக்கு மட்டும் குறைவே வராது. கம்சிகாவின் அப்பா ஆழ்வாப்பிள்ளை இறந்தபோதும் அவர்கள்தான் வந்தார்கள்.

பிரேதத்தோடு ஆண்கள் சுடலைக்குப் போய்விட்டார்கள். வந்திருந்த பெண்கள், வழக்கப்படி வீடு கழுவுவதற்காகக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இந்த இருவரும் தங்கள் வான் வண்டியில் கிடந்த வாத்தியங்களைப் பின்விறாந்தையில் இறக்கி, தாங்கள் கட்டிய 'உவர்' என்ற கிரஞ்ச் றொக் பாட்டை வாசித்தார்கள். முன்பந்தலில் கமெரா இன்னும் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போனார்கள்.

கமெராவில் தெரிந்தது வெறும் கதிரைகள்தான். கேட்டதோ முழுப் பாட்டு. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஊரின் எரிச்சலைக் கரகரத்த கிற்றாரில் கொட்டுகிற பாட்டு. அது முடிகிற இடத்தில், வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கிளம்பி, சொல் ஏதுமில்லாமல் மேலே மேலே போய் உடைந்தது.

இலண்டனில் யாரோ அதை வெட்டி இணையத்தில் போட்டார்கள். பிறகென்ன, பாரிஸிலும் கொழும்பிலும் இளம் பொடிபெட்டையளின் காதுகளில் அதுதான். இறந்தவருக்கு இளைஞர்கள் செய்த அஞ்சலி என்று உருகினார்கள். ஓர் இனத்தின் துயரம் முழுவதும் அந்தக் கதறலில் இருப்பதாக ஒரு சஞ்சிகை எழுதியது. "உது பாட்டோ, தகரம் தட்டுற சத்தமோ" என்று கேட்ட ஊர்ப் பெரியவர்களும் கடைசிக் கதறல் வரும்போது மட்டும் கண்ணைத் துடைத்தார்கள். அது புருசனைப் பறிகொடுத்த இலட்சுமிப்பிள்ளையின் குரல் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கிணற்றடியில் நின்ற பெண்களே காதால் கேட்டதாகச் சாட்சி சொன்னார்கள்.

"அப்பா இருக்கேக்கை இந்த வீட்டிலை ஒரு றேடியோகூடப் பாடினதில்லை. அவ்வளவு ஒழுக்கமான மனுசன்" என்றாள் கம்சிகா. "அவர் எரிஞ்சு முடியேல்லை, அதுக்குள்ளை உங்களுக்குக் கூத்துக் கேட்டிருக்கு."

"ஓம் அக்கா."

"எனக்கு அப்ப நிறைமாசம். வர ஏலாமல் போச்சு. ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன், அம்மா இப்பிடிக் கதறுறா. பக்கத்திலை நிண்டு அவவைப் பிடிக்க நான் இல்லை. இப்ப என்னோடை வேலை செய்யிற பொடியன் காருக்குள்ளை அதைப் போட்டுத் தலையாட்டிக்கொண்டு போறான். என்ர அம்மான்ர கண்ணீரை வித்துத்தான் நீங்கள் பேர் எடுக்கவேணுமோ?"

கோபத்தைவிட, அன்றைக்கு வரமுடியாமற் போன வேதனைதான் அவளிடம் அதிகம் இருந்தது.

நிருஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உண்மையிலை அண்டைக்கு என்ன நடந்ததெண்டால்…"

"நிருஜா, நீர் பேசாமல் இரும்" என்று ஆரூரன் தடுத்தான்.

"ஒரு கதையும் வேண்டாம். அந்தப் பாட்டை எல்லா இடத்திலையும் இருந்து எடுக்கவேணும். இல்லாட்டி நான் லோயரைப் பாப்பன்."

ஆரூரன் யோசித்தான். அடுத்த மாதம் கொழும்பில் பெரிய மேடை காத்திருந்தது. 'உவர்' இல்லாமல் அவர்களை அதில் யாரும் ஏற்றப்போவதில்லை. வேறு பாடகிகளை வைத்து அந்தக் கடைசி இடத்தைப் பதிவு செய்தும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பாட்டு உப்புச் சப்பில்லாமல் போனது. இதை விட்டால் மறுபடியும் செத்தவீட்டுக் கமெராதான்.

"எடுத்துவிடுறம் அக்கா" என்றான். "கொழும்புக்கும் வரேல்லையெண்டு சொல்லிவிடுறம்."

"உமக்கென்ன விசரோ?" என்று நிருஜா அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் எல்லாத்தையும் எங்கட தலையிலை போடுறீர்?"

"வெளியிலை சொல்லமாட்டம் எண்டு வாக்குக் குடுத்தனாங்கள் எல்லோ."

"ஆருக்கு வாக்குக் குடுத்தனீங்கள்?" என்றாள் கம்சிகா.

இலட்சுமிப்பிள்ளை குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு மகளின் பக்கத்தில் இருந்தார்.

"பாட்டை எடுக்கச் சொல்லாதை, பிள்ளை."

"உங்களுக்கு விளங்காதம்மா. நீங்கள் அழுததை உலகம் முழுக்கப் போட்டுக்…"

"அந்தப் பிள்ளையள் தங்கட பாட்டிலை வயரைச் சுத்திக்கொண்டு நிண்டதுகள். அப்பாவைச் சுடலைக்குக் கொண்டு போன சனம் ஒழுங்கையைத் தாண்டினாப் பிறகு, நான்தான் போய், உங்களிட்டை இருக்கிறதிலையே பெலத்த பாட்டொண்டைப் பாடுங்கோ எண்டு கேட்டனான்."

கம்சிகா அம்மாவையே பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் இந்த வீட்டுக்குள்ளை ஒரு வரி முணுமுணுக்க என்னை அவர் விடேல்லை. அண்டைக்கு நான் அழேல்லை, பிள்ளை, பாடினனான்."