நடுவில் ஒரு வள்ளம்

கீழவைப்பார்க் கரையை ரொசிட்டா ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வரைவாள். அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஊரின் பதினொரு வள்ளங்களும் மணலில் அசையாமல் நிற்கும்.

ஒரு ஞாயிறு, மீனவர் கஸ்பார் அவள் படத்தில் விரல் வைத்தார். "ஏளா, கடல்ல இது யாரு வள்ளம்? ஞாயித்துக்கெழமயில எவன் போவான்?"

"நான் போடலியே, அண்ணாச்சி."

கடலிலும் ஒன்றுமில்லை. பழைய படங்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தாள். முதல் படத்தில் அது புள்ளி. படத்துக்குப் படம் கரையை நெருங்கியிருந்தது. கடைசிப் படத்தில் பாய்மரத் துணியில் போட்ட நீல ஒட்டுகூடத் தெரிந்தது.

"அந்த ஒட்டு நான் தச்சதுளா," என்றார் கஸ்பார். ஊர் சொல் கேளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன அவர் தம்பி திரும்பவில்லை. ஆறு வருஷம் ஆகிறது.

அடுத்த ஞாயிறு கஸ்பார் வள்ளங்களைத் தள்ளி நிறுத்தி, நடுவில் இடம் விட்டு, வள்ளம் ஏற்றும் உருளைக் கட்டைகளையும் போட்டிருந்தார்.

"அவன் எப்பவும் நடுவுலதான் ஏத்துவான்."

ரொசிட்டா பார்த்ததை வரைந்தாள். முடித்தபோது, படத்தில் கடல் காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அலை எட்டாத அந்த மணல்மேட்டில் கட்டைகள் நனைந்திருந்தன.