கோஷத்துக்குப் பதில்

ஒரகடம் செல்போன் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சங்கச் செயலாளர் ஜெசிந்தா மட்டும் வாசலில் செங்கொடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம் தோழர்," என்றது நிர்வாகம் வாயிற்கதவில் பொருத்தியிருந்த பேசும் இயந்திரம். "உங்க கோரிக்கை நியாயமானதுதான். வெயில் ஏறுது, தண்ணி குடிங்க."

காலை ஷிஃப்ட் பேருந்து வந்தது. அவளோடு கைதாகிச் சிறைக்குப் போன பரிமளா தலைகுனிந்து இறங்கினாள்.

"மன்னிச்சிடுக்கா. வேற வழி தெரியல."

"போம்மா, நேரமாச்சு," என்றாள் ஜெசிந்தா.

பிறகு வழக்கம்போல் எழுந்து முஷ்டியை உயர்த்தினாள். "தொழிலாளர் ஒற்றுமை!"

உள்ளே போனவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓங்குக!" என்று கணீரென முழங்கியது கதவு.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கதவின் பக்கமாகத் திரும்பி நின்று, அடுத்த கோஷத்தை எழுப்பினாள்.