மோட்டார் போயிடுச்சுக்கா

"மோட்டார் போயிடுச்சுக்கா, இனி என்னால முடியாது" என்று மிக்ஸி ஈனக்குரலில் சொன்னதை அமலோற்பவம் நம்பித்தான் தொலைத்தாள். திறந்து பார்க்க அதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. கம்பெனிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுவாரம், அவள் வேலை பார்க்கும் மின்குப்பை ஆலையில், நொறுக்கும் எந்திரத்துக்குப் போகும் வரிசையில் அதே மிக்ஸி வந்தது. மகள் ஒட்டிய மயில் படம் அப்படியே இருந்தது. மனசு கேட்காமல் எடுத்து ப்ளக்கில் செருகினாள். ஜம்மென்று சுற்றியது.

"அடப்பாவி, நல்லாத்தானே இருக்கே! ஏன் அப்படிச் சொன்னே?"

"புது மாடல் வந்துடுச்சேக்கா."

வீட்டுக்கு வந்தவள் துவையலுக்குத் தேங்காய் துருவினாள்.

"முகமே சரியில்லையேக்கா, எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றது புது மிக்ஸி, அதே குரலில்.